காய்கறி இரகங்களும் ஒட்டுண்ணிக் குளவிகளும்: எதிர்ப்புத்திறன் ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பூச்சி எதிர்ப்புத்திறன் கொண்ட இரகமும் ஒட்டுண்ணிக் குளவியும் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் என்பது ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையில் பரவலாக நிலவும் கருத்தாகும். வெள்ளரி, தக்காளி ஆகிய பயிர்களில் நிகழ்ந்த ஆய்வுகளின் துணைகொண்டு அக்கருத்தின் எல்லையை இக்கட்டுரை ஆராய்கிறது. இரகத்தின் ஒரே பண்பு பூச்சியையும் அதன் பகையையும் ஒருசேரத் தாக்கக்கூடும் என்பதும், அத்தாக்கத்தின் அளவை இரகந்தோறும் அளந்தே அறியமுடியும் என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: ஒட்டுண்ணிக் குளவி, எதிர்ப்புத்திறன், இலைத்தூவி, டொமாடின், என்கார்சியா, டிரைக்கோகிரம்மா

முன்னுரை

பூச்சியின் முட்டைக்குள்ளோ உடலுக்குள்ளோ தன் முட்டையை இட்டு, அதனையே உணவாகக் கொண்டு வளர்ந்து, இறுதியில் அதனைக் கொன்று வெளிவருவது ஒட்டுண்ணிக் குளவியின் இயல்பு. இவ்வியல்பே அதனை உயிரியல் கட்டுப்பாட்டின் கருவியாக்கியது. எதிர்ப்புத்திறன் கொண்ட இரகமோ பூச்சியின் வளர்ச்சியைச் செடியிலேயே தடுக்கிறது. இவ்விரண்டையும் சேர்த்தால் பயன் கூடும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு.

ஆனால் பயிர், பூச்சி, பூச்சியின் பகை ஆகிய மூன்று உணவு மட்டங்களையும் ஒருங்கே நோக்காத எந்த விளக்கமும் முழுமை பெறாது என்பதைப் பீட்டர் பிரைசும் பிறரும் 1980இல் வெளியிட்ட கட்டுரை வலியுறுத்தியது. அதன்பின்னும் இரகத் தேர்வு ஒரு துறையிலும் ஒட்டுண்ணி வளர்ப்பு வேறொரு துறையிலுமாகத் தனித்தனியே நடந்துவருவதைப் பல இடங்களில் காணலாம்.

வெள்ளரி இலையும் என்கார்சியாவும்

பசுமைக்குடில் வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஃபார்மோசா என்னும் குளவியின் பயன்பாடு 1920களில் இங்கிலாந்தில் தொடங்கியது. ஒரு மில்லிமீட்டரும் நீளமில்லாத இக்குளவி இலையின்மேல் நடந்து திரிந்து, உணர்கொம்பால் தொட்டே வெள்ளை ஈயின் இளம்பருவத்தைக் கண்டறிகிறது. ஆகவே நடையின் வேகமே ஏறத்தாழ அதன் தேடலின் வேகமாகிறது.

தக்காளியில் நற்பயன் தந்த இக்குளவி வெள்ளரியில் அந்த அளவுக்குப் பயன் தரவில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. வெள்ளரியில் வெள்ளை ஈ விரைவாகப் பெருகுகிறது என்பது ஒன்று. வெள்ளரி இலையின் தூவிகள் குளவியின் நடையைத் தடுக்கின்றன என்பது மற்றொன்று. வெள்ளை ஈ கழிக்கும் தேன்போன்ற பிசுபிசுப்பு அத்தூவிகளில் தங்கிக் குளவியின் உடலில் ஒட்டுவதால், அது தேடுவதை விட்டுவிட்டுத் தன்னைத் துடைத்துக்கொள்வதில் காலத்தைச் செலவிடுகிறது.

நெதர்லாந்தின் வாகனிங்கனில் வான் லெண்டரனும் உடனாய்வாளரும் இச்சிக்கலை இரகத்தின் வழியே தீர்க்க முற்பட்டனர். தூவியற்ற வெள்ளரியையும் தூவியுள்ள வெள்ளரியையும் கலந்து, பாதியளவு தூவி கொண்ட கலப்பினங்களை ஆராய்ந்தனர். தூவி குறையக் குறையக் குளவியின் நடைவேகம் கூடியது. எனினும் முற்றிலும் தூவியற்ற இலையில் குளவி மிகு வேகத்துடன் சென்று ஓம்புயிரைக் கவனியாமல் கடந்துவிடுவதும் உண்டு என்பது இவ்வாய்வுகளின் வழி வெளிப்பட்டது.

இதன் முறையியல் சிறப்பு கருதத்தக்கது. குளவியை மாற்றாமல் குளவிக்கு ஏற்பப் பயிரை மாற்றலாம் என்னும் சிந்தனை இங்கு செயலுருப் பெற்றது. அதே வேளையில், இலையின்மேல் அளக்கப்பட்ட நடைவேகம் குடிலில் கிடைக்கும் கட்டுப்பாட்டுக்கு ஈடாகாது. பூச்சியின் பெருக்கவேகமும் அதே இரகத்தைச் சார்ந்தே அமைவதால், இரண்டையும் சேர்த்து அளந்த ஆய்வே தீர்ப்பு வழங்கத் தகுதியுடையது.

தக்காளியும் டொமாடினும்

தக்காளியின் இலையிலும் பச்சைக்காயிலும் மிகுந்து, காய் பழுக்கும்போது குறையும் நச்சுப்பொருள் டொமாடின் ஆகும். பூச்சிகளைத் தடுக்கும் இயல்புடைய அதனை மிகுதியாகக் கொண்ட இரகங்களை உருவாக்கலாம் என்னும் எண்ணம் எழுந்த சூழலில், கேம்பெல், டஃபி ஆகியோரின் ஆய்வு 1979இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. டொமாடின் கலந்த செயற்கை உணவைத் தின்ற ஹீலியோத்திஸ் சியா புழுவில் வளர்ந்த ஹைப்போசோட்டர் எக்சிகுவே குளவியின் வளர்ச்சிக்காலம் நீண்டது; கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருதல் தடைபட்டது; உறுப்புகள் சிதைவுற்றன; முதிர்குளவியின் எடையும் ஆயுளும் குறைந்தன.

எதிர்ப்பு இரகங்கள் ஒட்டுண்ணிக்குக் கேடு என்னும் பொது விதிக்கு இவ்வாய்வைச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. இதில் இரகங்கள் ஒப்பிடப்படவில்லை. செயற்கை உணவில் ஒரு பொருளே சேர்க்கப்பட்டது. ஒவ்வாமைக்கான வாய்ப்பு என்ற அளவிலேயே ஆய்வாளரும் தம் தலைப்பை அமைத்தனர். உணவில் ஸ்டீரால்கள் போதிய அளவு சேர்ந்தால் குளவிக்கு நேரும் தீங்கு தணிகிறது என்று அவர்களே 1981இல் காட்டினர். ஆகவே ஓர் இரகத்தில் டொமாடின் எவ்வளவு என்னும் எண் மட்டும் போதாது. ஸ்டீராலுடன் அதன் விகிதமும் வேண்டும்.

காட்டுத் தக்காளி இனமொன்றின் சுரப்பித் தூவிகளில் உள்ள 2-டிரைடெக்கனோன் குறித்த ஆய்வுகள் இலையையே களமாகக் கொண்டவை. அமெரிக்காவின் வட கரோலினாவில் கென்னடியும் பிறரும் நிகழ்த்திய அவ்வாய்வுகளில், பூச்சியைக் கொல்லும் அதே தூவிகள் டிரைக்கோகிரம்மா என்னும் முட்டை ஒட்டுண்ணியின் செயலையும் தடுத்தன. இங்கு எதிர்ப்புப் பண்பும் ஒட்டுண்ணியின் தடையும் ஒரே உறுப்பில் அமைந்துள்ளன.

தென்னிந்தியச் சான்று

தக்காளிக் காய்ப்புழுவான ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா தென்னிந்தியாவில் துவரையையும் கொண்டைக்கடலையையும் தாக்குகிறது. ஐதராபாத்தை அடுத்த பன்னாட்டுப் பயிராய்வு நிறுவனத்தில் 1990களில் நிகழ்ந்த ஆய்வுகள், சோளத்தில் இப்பூச்சியின் முட்டைகளை நன்கு தாக்கும் டிரைக்கோகிரம்மா துவரையின் பூ, காய்களில் தோல்வியுறுவதைக் காட்டின. துவரையின் ஒட்டும் தூவிகளும் கொண்டைக்கடலையின் அமிலச் சுரப்பும் இதற்குக் காரணங்களாயின. இவை காய்கறிப் பயிர்கள் அல்ல. ஆயினும் பூச்சியும் குளவியும் மாறாதிருக்கச் செடியின் மேற்பரப்பு மட்டுமே விளைவை மாற்றும் என்பதற்கு இது வலுவான சான்று. ஏக்கருக்கு இத்தனை சி.சி. ஒட்டுண்ணி அட்டை என இரகத்தைக் குறியாமல் தரப்படும் பரிந்துரை இச்சான்றின்முன் நிறைவுடையதாகாது.

மறுதரப்பு

எதிர்ப்பு இரகம் எப்போதும் ஒட்டுண்ணிக்குப் பகை என முடிவுசெய்வதும் பிழையே. மிதமான எதிர்ப்பால் புழு மெதுவாக வளரும்போது, குளவி தாக்கத்தக்க பருவத்தில் அது நீண்டநாள் தங்குகிறது. இதனால் ஒட்டுண்ணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு கூடலாம். மெல்லிய வளர்ச்சி மிகுந்த இறப்புக்கு வழிவகுக்கும் என்னும் இக்கருதுகோளை எல்லா ஆய்வுகளும் உறுதிப்படுத்தவில்லை. எனினும், முழு எதிர்ப்பைவிட மிதமான எதிர்ப்பே குளவியுடன் இணங்கக்கூடும் என்னும் சாத்தியத்தை அது முன்வைக்கிறது. பாதித் தூவி கொண்ட வெள்ளரியும் அத்திசையையே காட்டுகிறது.

முடிவுரை

இரகத் தேர்வு அட்டவணையில் விளைச்சல், பூச்சித் தாக்குதல் ஆகியவற்றுக்கு நிரல்கள் உண்டு. ஒட்டுண்ணிக்கு நிரல் இருப்பது அரிது. ஒவ்வோர் இரகத்திலும் குளவி ஓம்புயிரைக் கண்டறியும் அளவு, ஓம்புயிருக்குள் அதன் வளர்ச்சி, வெளிவரும் குளவியின் ஆயுளும் முட்டையிடும் திறனும் ஆகிய மூன்றையேனும் அளந்து பதிவிடுதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், பொருந்தாத இரகத்தில் அட்டை கட்டிப் பயன் காணாத உழவர் குளவியையே குறைகூறி மீண்டும் பூச்சிக்கொல்லிக்குத் திரும்புவார். உயிரியல் கட்டுப்பாட்டின் தோல்வி என எழுதப்படுவனவற்றுள் சில, உண்மையில் இரகத் தேர்வில் விடுபட்ட அந்த ஒரு நிரலின் விளைவாக இருக்கக்கூடும்.