ஏமாறுவது ஈசியூவா, நாமா?

பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், இன்ஜின் சூடு குறையும். இன்ஜெக்‌ஷன் பைக்குகளுக்கான ஃப்யூல் மாடிஃபையர் பெட்டிகளின் விளம்பரங்கள் பலவும் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கின்றன. பெட்ரோலைக் கூட்டி ஊற்றினால் மைலேஜ் எப்படிக் கூடும் என்ற கேள்வி அங்கேயே எழ வேண்டும். ஆனால் "எல்லாம் டுபாக்கூர்"னு ஒதுக்கவும் முடியாது.

முதலில் அடிப்படை. ஒரு கிராம் பெட்ரோல் முழுசா எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் ஒழுங்காக வேலை செய்வதும் இந்த அளவை ஒட்டித்தான். அதனால் புகை வழியில் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் வைத்திருக்கிறார்கள். அது தரும் வோல்டேஜ் 0.45-க்கு மேலே போனால் பெட்ரோல் அதிகம், கீழே போனால் குறைவு. இதைப் பார்த்து ஈசியூ நொடிக்கு நொடி திருத்திக்கொள்ளும். இதுதான் குளோஸ்டு லூப். சீரான வேகத்தில் போகும்போது பெரும்பாலும் இப்படித்தான். த்ராட்டிலை முழுசா முறுக்கினால் ஈசியூ சென்சார் பேச்சைக் கேட்பதில்லை. கம்பெனி எழுதி வைத்த கணக்குப்படி ஊற்றும். அது ஓப்பன் லூப்.

இனி பெட்டிக்கு வருவோம். மலிவான வகை, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரில் சொருகுவது. 35 டிகிரி காற்றை 15 டிகிரி என்று ஈசியூவிடம் பொய் சொல்லும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கெல்வினில் 308-ஐ 288-ஆல் வகுத்தால் 1.07. ஆக, ஈசியூ அடர்த்திக் கணக்கை அப்படியே நம்பினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் பெட்ரோல். பொய் பலிக்கிறது. ஆனால் எவ்வளவு நேரத்துக்கு? குளோஸ்டு லூப்பில் ஆக்ஸிஜன் சென்சார் "பெட்ரோல் ஜாஸ்தி"னு போட்டுக்கொடுத்துவிடும். ஈசியூ பழையபடி குறைத்துவிடும். மிஞ்சுவது த்ராட்டிலைத் திறக்கும் அந்த நொடியும் ஓப்பன் லூப்பும்தான்.

இரண்டாவது வகை ஆக்ஸிஜன் சென்சாரின் சிக்னலையே திரிப்பது. இது குளோஸ்டு லூப்பில் வேலை செய்யும், முழு த்ராட்டிலில் பயனில்லை. மூன்றாவது, இன்ஜெக்டர் வயரிலேயே புகுந்து அது திறந்திருக்கும் நேரத்தை மாற்றும் பிக்கிபேக். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிய பைக்கை டைனோவில் ஏற்றி டியூன் செய்தால் இதற்கு உண்மையான பலன் உண்டு.

இப்போது அந்த மூன்று வாக்குறுதிகள். பவர்: முழு த்ராட்டிலில் கம்பெனியே ஏற்கெனவே 13-ஐ ஒட்டி ஊற்றுகிறது. மாற்றம் எதுவும் செய்யாத பைக்கில் மேலும் ஊற்றிக் கிடைப்பது சொற்பம். சூடு: மெலிந்த கலவையைக் கொஞ்சம் செழிப்பாக்கினால் குறையும், கீழ் ஆர்பிஎம் வெட்டலும் குறையும். இது நிஜம். மைலேஜ்: சிக்கனத்துக்கு 14.7-ஐத் தாண்டிக் கொஞ்சம் மெலிய வேண்டும். இந்தப் பெட்டி எதிர்த் திசையில் போகிறது. கூடவே கார்பன் மோனாக்சைடும் ஏறும். அதை எரிக்க கன்வர்ட்டரில் ஆக்ஸிஜன் மிச்சமிருக்காது.

நானும் வெப்ப சென்சார் வகை ஒன்றை மாட்டினேன். முதல் நாள் வண்டி பறந்தது. பிறகு நண்பரிடம், எனக்குச் சொல்லாமல் சில நாள் மாட்டு, சில நாள் கழற்று என்றேன். சிக்னலில் கிளம்பும்போது வித்தியாசம் தெரிந்தது. பைபாஸில் கழற்றியிருந்த நாளிலும் "பறக்குது"ன்னேன். அங்கே பறந்தது பைக் இல்லை, நான் கொடுத்த காசு.

ஒரே ஒரு இடத்தில் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. இ20 பெட்ரோலுக்கு 14.7 இல்லை, சுமார் 13.5 போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். ஆக்ஸிஜன் சென்சார் உள்ள பைக் தானாகச் சரிசெய்துகொள்ளும். அது இல்லாத பழைய இன்ஜெக்‌ஷன் பைக்கில் கலவை மெலியும். அங்கே இந்தப் பெட்டி நியாயமான மருந்தாகலாம்.

ஆகவே வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது எந்த சென்சாரை ஏமாற்றுகிறது? பதில் வரவில்லை என்றால் ஏமாறப்போவது யார் என்று தெரிந்துவிடும்.