மீன் பூவின் உப்புக் கணக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தொண்டைமானாறும் வடமராட்சிக் கடனீரேரி வடகடலோடு சேரும் வாய்தான். கரணவாய்ப் பக்கத்தில் தானாக விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிப்போகச் சோழரின் தளபதி கருணாகரத் தொண்டைமான் இந்த வாயை வெட்டி ஆழப்படுத்தினான் என்று நம் மரபுக் கதை சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதே வாயில் தடுப்பணை கட்டிக் கதவுகள் போட்டார்கள். கடல் உப்பு உள்ளே ஏறாமல், மாரி மழைநீர் தேங்கிக் கடனீரேரி மெல்ல நன்னீராக வேண்டும் என்பது நோக்கம். உப்பை வெளியே கொண்டுபோக ஒரு காலம், உப்பை உள்ளே விடாமல் காக்க ஒரு காலம். உப்பை வெளியே தள்ளுவதையும் உள்ளே இழுப்பதையும், அதுவும் ஒரே உடம்பில், பருவத்துக்குப் பருவம் மாற்றி மாற்றிச் செய்யும் ஒரு கலத்தைப் பற்றித்தான் இங்கே சொல்லப்போகிறேன். அது இந்த நீரில் வளரும் மீனின் பூவில், அதாவது மூச்சுவிடும் உறுப்பில், இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழை அடித்துப் பெய்யும்போது கடனீரேரி நிரம்பி உப்புக் குறைந்துவிடும். மாசி, பங்குனி வெயிலில் வற்றத் தொடங்கும். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் ஆவணித் திருவிழா நடக்கும் நாட்களில் கடனீரேரிக்குள் போய்ப் பார்த்தால், நீர் வடிந்த தரையில் வெள்ளையாய் உப்புப் படிந்திருக்கும். கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு. வற்றிய கடனீரேரியின் மூலைகளில் அதையும் தாண்டிவிடும். கொடுவாவும் மணலையும் இந்த ஏற்றத்தாழ்வுக்குள்தான் வாழ்கின்றன. ஆனால் அவற்றின் இரத்தத்தின் உப்பு அளவு கடலின் மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நிற்கிறது. மாரியிலும் ஏறத்தாழ அதேதான், கோடையிலும் ஏறத்தாழ அதேதான்.

உடலின் உட்சூழல் மாறாமல் இருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு அடிப்படை என்று பிரெஞ்சு அறிஞர் குளோட் பேர்னாட் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டார். அமெரிக்கரான வோல்ற்றர் கனன் 1926இல் அதற்கு வைத்த பெயரைத்தான் நாம் ஓர்சீர்த்திடநிலை என்று படிக்கிறோம். திடநிலை என்றதும் அசையாமல் இருக்கும் ஏதோ ஒன்று மனதில் வரும். மீனின் கதையில் அப்படி ஒரு நொடிகூட இல்லை. உப்புநீரில் இருக்கும் மீனின் உடலிலிருந்து பிரசாரணத்தால் தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுசெய்ய மீன் கடலைக் குடிக்கிறது. குடித்தால் தண்ணீரோடு உப்பும் சேர்ந்து உள்ளே போகும். மீனின் சிறுநீரகத்தால் இரத்தத்தைவிட உப்புக் கூடிய சிறுநீரை ஆக்க முடியாது. நன்னீரில் எல்லாம் தலைகீழ்: தண்ணீர் தானாக உள்ளே பாயும், உப்பு கசிந்து வெளியே போகும். அங்கே மீன் ஏறக்குறையக் குடிப்பதே இல்லை, நீர்த்த சிறுநீரை நிறையக் கழிக்கிறது. சிறுநீரகத்தால் முடியாத மிச்ச வேலை முழுவதும் பூவின் தலையில்.

சந்தையில் செவிளைத் தூக்கி, பூ சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் எங்கள் வீடுகளில் மீன் வாங்குவார்கள். அந்தச் சிவப்பு இரத்தத்தின் சிவப்பு. ஒட்சிசன் எளிதாகப் புகும்படி பூவின் மேற்படை மிக மெல்லிய, தட்டையான கலங்களால் ஆனது. அவற்றுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பருத்த கலங்கள், உள்ளே இழைமணிகள் நெருக்கியடித்துக்கொண்டு. 1932இல் கேம்பிரிட்ஜில் அன்சல் கீய்ஸும் எட்வேர்ட் வில்மரும் விலாங்கின் பூவில் இவற்றைக் கண்டு, உப்பைக் கழிப்பவை இவையே என்றார்கள். அதே கீய்ஸ்தான் பிற்காலத்தில் உணவுக் கொழுப்பையும் மாரடைப்பையும் தொடர்புபடுத்தி உலகப் புகழ் பெற்றவர். எனக்கு அவருடைய விலாங்கு வேலைதான் அழகு.

இனி அந்தக் கலத்துக்குள் போவோம். நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. உப்பை வெளியே தள்ளும் கலத்தில், சோடியத்தைத் தள்ளும் பம்பி எந்தப் பக்கம் இருக்கும்? கடலைப் பார்த்த பக்கம் என்றுதான் எவரும் நினைப்பார். அது இருப்பது இரத்தத்தைப் பார்த்த பக்கத்தில். சோடியத்தை அது மீனின் உள்ளுக்கே தள்ளுகிறது!

இந்த முரணுக்குள்தான் நயம் முழுவதும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பம்பி மூன்று சோடியம் அயன்களைக் கலத்திலிருந்து இரத்தப் பக்கம் அனுப்பி, இரண்டு பொற்றாசியம் அயன்களை உள்ளே எடுக்கிறது. செலவு ஓர் ஏ.ரி.பி. மூலக்கூறு. ஏ.ரி.பி. ஆக்கும் இழைமணிகள் அத்தனை எதற்கு என்பது இப்போது விளங்கும். இதனால் கலத்துக்குள் சோடியத்துக்கு எப்போதும் பஞ்சம். அந்தப் பஞ்சத்தை நிரப்ப வெளியே இருக்கும் சோடியம் முண்டும். அதே இரத்தப் பக்கச் சுவரில் அதற்கு ஒரு வாசலும் உண்டு. ஆனால் அந்த வாசலால் தனியே வர முடியாது. ஒரு சோடியம் வரவேண்டுமென்றால் ஒரு பொற்றாசியத்தையும் இரண்டு குளோரைட்டையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும். உள்ளே வந்ததும் சோடியத்தைப் பம்பி திருப்பி அனுப்பிவிடுகிறது. பொற்றாசியம் தன் வழியில் கசிந்து போய்விடுகிறது. குளோரைட்டு மட்டும் போக வழியின்றிக் கலத்துக்குள் சேர்ந்துகொண்டே வரும். அதற்கான கதவு எதிர்ப்பக்கத்தில், கடலைப் பார்த்துத் திறக்கிறது. குளோரைட்டு வெளியேறுகிறது.

அப்போது சோடியம்? குளோரைட்டு மறை ஏற்றம் கொண்டது. அது வெளியேற வெளியேற, மீனின் உட்புறம் கடலைவிடச் சற்று நேர் ஏற்றம் பெறும். நேர் ஏற்றமுள்ள சோடியத்தை அதுவே வெளியே நெட்டும். இந்தக் கலத்துக்கும் பக்கத்தில் ஒட்டியிருக்கும் ஒடுங்கிய துணைக்கலத்துக்கும் இடையில் ஓர் இடுக்கு. சோடியம் அதன் வழியாக, எந்தப் பம்பியின் கையும் படாமல், கடலுக்குப் போய்ச் சேர்கிறது. எங்கள் தோட்டக் கிணறுகளில் துலா மிதித்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மிதிப்பவர் கிணற்றை விட்டு விலகி நடப்பார், தண்ணீரைத் தொடவே மாட்டார். பட்டை நிறைந்து மேலே வரும்.

சரி, மாரி வந்து நீர் நன்னீரானால்? இப்போது உப்பை உள்ளே இழுக்க வேண்டும். பம்பியைத் திருப்பிப் பூட்ட வேண்டியதில்லை. அது இருந்த பக்கத்திலேயே, செய்த வேலையையே செய்கிறது. மாறுவன மற்றக் கதவுகள்தாம். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவில் இதை மிக நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். கடல்நீரில் இயங்கும் கலங்களில், குளோரைட்டைக் கழிக்கும் கதவு கடலைப் பார்த்திருக்கும். நன்னீரில் வேறு வகைக் கலங்கள் பெருகும். அவற்றின் நீர்ப்பக்கச் சுவரில் சோடியத்தையும் குளோரைட்டையும் சோடியாக உள்ளே எடுக்கும் புரதம் இருக்கும். பம்பி உண்டாக்கிய அதே சோடியப் பஞ்சம் இப்போது வெளிநீரிலிருந்து உப்பை இழுக்கிறது. ஒரே பஞ்சம், இரண்டு எதிரெதிர்ப் பயன்கள். இயற்கையின் சிக்கனத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை.

இவை மீனோடு நின்றுவிடும் புரதங்களும் அல்ல. குளோரைட்டை வெளியே விடும் அந்தக் கதவு நம் உடலில் பழுதானால் வரும் பரம்பரை நோய்க்குச் சிஸ்ரிக் பைப்புரோசிஸ் என்று பெயர். அக்குழந்தைகளின் வியர்வை வழமையைவிடக் கரிக்கும். நால்வரைச் சேர்த்து உள்ளே விடும் வாசலின் நெருங்கிய உறவு நம் சிறுநீரகத்தில் இருக்கிறது. கால் வீக்கத்துக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் ஃபுரோசமைட் குளிசை அதைத்தான் அடைக்கிறது. பம்பியோ நம் கலங்கள் எல்லாவற்றிலும் உண்டு. நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்களவு அதற்கே போகிறது. அந்தப் பம்பியை 1957இல் கண்டு சொன்ன டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ, அதற்காக ஆராய்ந்தது கடற்கரை நண்டின் கால் நரம்புகளை. நோபல் பரிசு 1997இல்தான் கிடைத்தது, நாற்பது ஆண்டுகள் கழித்து. நண்டுக்கறிக்குப் பேர்போன ஊர்க்காரருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

பூவுக்கு நீர் மாறிவிட்டது என்று யார் சொல்வது? கபச்சுரப்பி. அங்கே புரோலக்ரின் சுரக்கும் கலங்கள் இருக்கின்றன. மனிதத் தாய்க்குப் பால் சுரக்கச் செய்யும் ஓமோன் அதுதான். இரத்தம் சற்று நீர்த்தால் திலாப்பியாவின் புரோலக்ரின் கலங்கள் தாமே தண்ணீரை ஏற்றுப் புடைக்கும். மென்சவ்வு இழுபட, கல்சியம் உள்ளே நுழைய, ஓமோன் வெளியே கொட்டும். கலம் புடைப்பதே சேதி. 1959இல் கிறேஸ் பிக்ஃபோர்டு, கபச்சுரப்பி நீக்கிய கிலி மீன்கள் நன்னீரில் பிழைக்க மாட்டாமல் இறப்பதையும், புரோலக்ரின் கொடுத்தால் பிழைப்பதையும் காட்டினார். கடல்நீருக்கு ஏற்ப மாற கோட்டிசோலும் வளர்ச்சி ஓமோனும் துணைநிற்கின்றன. பழைய கலங்கள் உருமாறவும் புதியவை முளைக்கவும் ஒன்றிரண்டு நாட்களாவது வேண்டும். தண்ணீர் மெல்ல மாறினால் மீன் சமாளித்துக்கொள்ளும். ஒரேயடியாக மாறினால் பல மீன்கள் தாங்காது.

கரையில் நிற்கும் கண்ணா மரத்துக்கும் இதே தொல்லைதான். ஆனால் அதன் கலங்களில் சோடியம்–பொற்றாசியம் பம்பி கிடையாது. ஐதரசன் அயன்களை வெளியே தள்ளி, அந்த விசையில் மற்றதெல்லாவற்றையும் நடத்துகிறது. வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடித்து நிறுத்திவிடும். தப்பி ஏறியதை இலையின் உப்புச் சுரப்பிகள் கக்கும். வெயில் ஏறியபின் ஓர் இலையை நாக்கில் வைத்தால் தெரியும்.

தொண்டைமானாற்றின் பெயர் வடக்கின் உயர்தர விஞ்ஞான மாணவர் எல்லோருக்கும் தெரியும். தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணை வினாத்தாள்களோடு மல்லுக்கட்டாமல் இங்கே எவரும் உயிரியல் படித்து முடிப்பதில்லை. மென்சவ்வின் ஊடான கடத்தலுக்கு அம்புக்குறி போடும் பிள்ளைகளே, பம்பி எந்தப் பக்கம் என்பதை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஏன் அந்தப் பக்கம் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆசிரியர்களே, மாரியில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை, இந்தக் கடனீரேரியில் பிடித்த மீனின் பூவிலிருந்து ஓர் இழையை எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.