பூஜ்யத்தில் ஒரு ‘டிக்’

கொடைக்கானல் குளிரில் வெந்நீர் ஹீட்டரின் ரிலே போடும் ‘டிக்’ எனக்குப் பிடித்த சத்தம். நம் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுகிறது. இடையில் 325 வோல்ட் வரை எகிறுகிறது. உச்சத்தில் இணைத்தால் தொடுமுனையில் பொறி பறக்கும், பூஜ்யத்தில் பரம சாது. ஆனால் ரிலே கொஞ்சம் சோம்பேறி. காயிலுக்கு உத்தரவு போனபின் முனைகள் சேரச் சில மில்லிநொடி ஆகும். அந்தத் தாமதத்தை அளந்து, வரப்போகும் பூஜ்யத்துக்கு முன்பே ஆணையிடுகிற கன்ட்ரோலரை வடிவமைத்தவர் ரசனைக்காரர்தான். முனை தேயத் தேயத் தாமதமும் மாறும். மறுபடி அளக்க வேண்டும்.

2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு. பொறி பாய்வதும் சுலபம். இங்கே இந்த நிதானத்துக்கு மதிப்பு கூடுதல். டிரான்ஸ்ஃபார்மருக்கோ பெரும்பாலும் கதை தலைகீழ்: உச்சத்தில் இணைத்தால்தான் அது அமைதியாக இருக்கும்.