பிள்ளை நிற்கும் படியும் திரை காட்டும் பாடமும்

ஐந்தாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், ஐந்தாம் வகுப்புப் புத்தகம் அவர்களில் எத்தனை பேருக்குப் பொருந்தும்? சிலர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். சிலர் இன்னும் உயிர்மெய் எழுத்துகளில் தடுமாறுவார்கள். ஒரு பிள்ளைக்குக் கண் தெரியாது. இன்னொரு பிள்ளையின் வீட்டில் பேசுவது இந்தி. இத்தனை பேருக்கும் ஆசிரியர் ஒருவர்தான். டிஜிட்டல் கருவிகள் அவருக்குக் கைகொடுக்கும் என்பதில் உண்மை உண்டு. ஆனால் எல்லாக் கருவியும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பலருக்கும் துணையாக இருந்தது. என்றாலும் ஒளிபரப்பு எல்லாருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் உள்ள க்யூஆர் கோடு இதைவிட மேல். அதைப் போனில் ஸ்கேன் செய்தால் வரும் காணொலியை நிறுத்தலாம், திரும்பப் பார்க்கலாம். வகுப்பில் மூன்றாம் முறை சந்தேகம் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது பெரிய விடுதலை. ஆனால் பல வீடுகளில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய்விடும். அதைவிட முக்கியமானது, எத்தனை முறை பார்த்தாலும் அது ஐந்தாம் வகுப்புப் பாடம்தான். இரண்டாம் வகுப்பு நிலையில் இருப்பவருக்கு அதனால் என்ன பயன்?

டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து முரளிதரன், சிங், கனிமியன் ஆகியோர் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் ஒவ்வொருவரும் எந்தப் படியில் நிற்கிறார் என்று சோதித்து, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு செய்திகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஒன்று, பிள்ளைகள் ஒரு நாளில் அங்கே இருந்த ஒன்றரை மணி நேரத்தில் பாதிதான் கணினி; மீதிப் பாதி ஒரு மனிதர் சிறு குழுவாக உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது. இன்னொன்று, பள்ளியின் கணக்குத் தேர்வில் அந்த முன்னேற்றம் தெளிவாகத் தெரியவில்லை. இரண்டாம் வகுப்பு நிலையிலிருந்து மூன்றாம் வகுப்பு நிலைக்கு ஏறிய பிள்ளையை, ஆறாம் வகுப்புக் கேள்வித்தாளால் எப்படிக் காண முடியும்? கருவி தன் வேலையைச் செய்தாலும், அதை அளக்கும் கோல் மாறாவிட்டால் அந்தப் பிள்ளை தோற்றவராகவே வீட்டுக்குப் போவார்.

தமிழ்நாட்டில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளை நிற்கும் படியிலிருந்தே தொடங்கும் இதே கொள்கையைத்தான் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, பாட்டும் அட்டையுமாகச் செய்கிறது. எனக்குப் பிடித்த திட்டம் அது. அதன் டிஜிட்டல் பகுதியான செயலி மதிப்பீட்டில்தான் எனக்குக் குறை. அரும்பில் நிற்கும் பிள்ளைக்கு நாளை என்ன செய்யலாம் என்று அது ஆசிரியருக்குச் சொன்னால் அது கருவி. மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புவதோடு நின்றால், ஈராசிரியர் பள்ளியில் ஓர் ஆசிரியரைச் செயலியோடு உட்காரவைத்து, அது ஒரு வகுப்பையே ஆசிரியரில்லாமல் விட்டுவிடுகிறது.

டிஜிட்டலுக்கு மாற்றே இல்லாத இடம் ஒன்று உண்டு. அது கண் தெரியாத பிள்ளையின் படிப்பு. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழையும் வாசிக்கும். பிரெய்ல் நூல் வந்து சேரும்வரை காத்திருக்காமல், மற்றவர்கள் படிக்கும் அதே நாளில் அதே பாடத்தை அந்தப் பிள்ளையும் படிக்கலாம். ஆனால் பாடக்குறிப்பு பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் எல்லாம் கெட்டது. கண்ணுக்கு ‘அம்மா’ என்று தெரிவதன் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். திரைவாசிப்பான் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்கிற மாதிரி ஏதோ உளறும். ஸ்கேன் செய்த பக்கமாக இருந்தால் அதுகூட இல்லை. கணக்குச் சமன்பாடுகளைப் படமாக ஒட்டிவிட்டால், அந்த இடத்தில் பாடமே கிடையாது.

தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது. அதன் பிறகும் கேள்வித்தாளும் பாடக்குறிப்பும் பழைய எழுத்துருக்களில் சுற்றிக்கொண்டிருப்பது வருத்தமும் கோபமும் தருகிறது. இதைத் திருத்தப் பெரும் நிதி வேண்டாம். தட்டச்சு செய்பவரின் விசைப்பலகை மாறினால் போதும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கும்போது, இது ஆசிரியரின் நல்ல மனதுக்கு விட்டுவைக்கும் விஷயமும் அல்ல.

ஸ்மார்ட் போர்டு வாங்கும் பள்ளிகள் திரையின் அளவையும் விலையையும் கேட்கின்றன. அதில் ஓடும் பாடத்தைப் பார்வையற்ற மாணவர் ஒருவர் கேட்டுப் பார்த்தாரா, மூன்று வகுப்பு பின்தங்கிய பிள்ளைக்கு அதில் இறங்கிவர வழி இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளையும் கொள்முதல் நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும். இவற்றுக்குப் பதில் இல்லாத கருவிக்குக் கொடுக்கும் பணத்தில் இன்னோர் ஆசிரியரை நியமிக்கலாம்.