பேப்பர் வெட்டும் மெஷின்: பிளேடை விட மேட் முக்கியம்

நவராத்திரிக் கொலுவுக்குப் பின்னால் தொங்கவிட, தாமரைக் கொடியும் மயிலும் பின்னிய காகிதத் திரை ஒன்று செய்ய நினைத்தேன். கத்தரிக்கோலோடு உட்கார்ந்தால் மூன்று நான்கு மாலைப்பொழுது போகும். சில்லவுட் கேமியோ 4 மெஷின் அதைக் கால்மணி நேரத்துக்குள் பிசிறில்லாமல் வெட்டிக் கொடுத்தது. ஆனால் தாளை அது ஒட்டியிருந்த மேட்டிலிருந்து உரித்தபோது மயிலின் கழுத்து கிழிந்துவிட்டது. தவறு என் கையில்தான். இந்த மெஷினோடு பழக வேண்டிய இடமும் தாளை உரிப்பதுதான் என்று அன்று புரிந்தது.

பார்க்க பிரிண்டர் மாதிரி இருக்கும். மைக்குப் பதில் உள்ளே ஒரு சின்ன பிளேடு. உருளைகள் தாளை முன்னும் பின்னும் நகர்த்த, பிளேடு இடவலமாக ஓடுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த கோடு அப்படியே வெட்டாகிவிடும். 12 அங்குல அகலம் வரை தாள் போடலாம். கருவி மாட்ட இரண்டு இடங்கள் உண்டு: முதலாவது காகிதத்துக்கு, இரண்டாவது 5 கிலோ வரை அழுத்தம் தரக்கூடியது, தடித்த பொருள்களுக்கு. வீட்டு வேலைக்கு முதலாவதே பெரும்பாலும் போதும்.

தாளைப் பிடித்து வைப்பது ஒட்டும் தன்மையுள்ள மேட். புது மேட்டில் பசை அதிகம். 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளை நேராக ஒட்டினால் திரும்ப முழுசாக வராது. சுத்தமான பருத்தித் துணியை மேட்டின் மேல் இரண்டு மூன்று முறை அழுத்தி எடுத்தால் பசை சற்றுத் தணியும். துணி நூல் உதிராததாக இருக்கட்டும். வெட்டி முடித்ததும் தாளைப் பிடித்து இழுக்காதீர்கள். மேட்டைக் கவிழ்த்து, தாள் மேசையில் படிந்திருக்க, மேட்டை மெல்ல வளைத்து உரியுங்கள். அப்போது வளைவதெல்லாம் மேட்தான், தாள் சுருளாது. நுணுக்கமான இடங்களில் பழைய ஏடிஎம் கார்டை அடியில் செலுத்தலாம். வேலை முடிந்ததும் மேட்டோடு வந்த பிளாஸ்டிக் உறையைத் திரும்பப் போட்டு வையுங்கள். தூசி படிந்தால் மேட்டின் ஆயுள் குறைந்துவிடுகிறது. சென்னை மாதிரி ஈரப்பதம் மிகுந்த ஊரில் தாளையும் மூடிய டப்பாவில் வைக்க வேண்டும். நமுத்த தாளில் பிளேடு வெட்டுவதில்லை, இழுக்கிறது.

அடுத்தது சோதனை வெட்டு. சதுரத்துக்குள் முக்கோணம் ஒன்றைத் தாளின் மூலையில் வெட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. முக்கோணம் தானாகக் கழன்று வந்து, மேட்டில் லேசான கீறல் மட்டும் விழுந்திருந்தால் அளவு சரி. வெட்டு முழுமையாக விழவில்லை என்றால் பலரும் உடனே அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். முதலில் வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஒரே கோட்டில் இரண்டு முறை ஓடவிடுங்கள். 200 ஜிஎஸ்எம்முக்கு மேற்பட்ட அட்டைக்கு இதுவே நல்ல வழி. பிளேடின் நுனியில் சிக்கிய காகிதத் துகளையும் அவ்வப்போது எடுத்துவிட வேண்டும். அலுமினியம் ஃபாயிலை உருண்டையாக்கி அதில் சில முறை குத்தி எடுத்தால் துகள் வந்துவிடும்.

தமிழ் எழுத்து வெட்டுவது தனி வேலை. மெய்யெழுத்தின் புள்ளி தனித்துண்டாக உதிர்ந்துவிடும்; ‘ஃ’ என்றால் மூன்று துண்டு. ஸ்டென்சில் செய்தால் ‘க’, ‘வ’ ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் பகுதி கீழே விழுந்து, வெறும் ஓட்டைதான் மிஞ்சும். இரண்டுக்கும் மெல்லிய இணைப்புக் கோடு ஒன்றை நாமே வரைந்து சேர்க்க வேண்டும். தடித்த கோடுள்ள எழுத்துருவே நல்லது. 2 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே போனால் ஜெராக்ஸ் தாளில் சுழிகள் கிழிவதைப் பார்த்திருக்கிறேன்.

சில மென்பொருள்களில் தமிழைத் தட்டினால் கொம்பு இடம் மாறிப்போகும். நான் இலவசமாகக் கிடைக்கும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டி, எழுத்தைக் கோட்டுருவமாக மாற்றி, ஒன்றோடொன்று மோதும் பகுதிகளை இணைத்துவிட்டுத்தான் மெஷினுக்கு அனுப்புகிறேன். இணைக்க மறந்தால் எழுத்தின் நடுவிலேயே பிளேடு ஓடிவிடும். மெஷினின் மென்பொருளான சில்லவுட் ஸ்டூடியோவின் இலவசப் பதிப்பு எஸ்விஜி கோப்பைத் திறக்காது. டிஎக்ஸ்எஃப் ஆகச் சேமிக்க வேண்டும். இதே மாதிரி மெஷின் விற்கும் கிரிகட் நிறுவனத்தின் டிசைன் ஸ்பேஸ் மென்பொருள் எஸ்விஜியை இலவசமாகவே ஏற்கிறது, ஆனால் கணக்கு தொடங்கி உள்நுழைந்தாக வேண்டும். 2021 மார்ச்சில் சந்தா கட்டாதவர்களுக்கு மாதம் 20 கோப்புகளைத்தான் பதிவேற்றலாம் என்று அந்நிறுவனம் அறிவித்து, பயனர்களின் எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது. இணையம் இல்லாமலும் வேலை நடக்க வேண்டும் என்பதால் என் ஓட்டு சில்லவுட்டுக்கு.

கொலு, பிறந்தநாள், பிள்ளைகளின் பள்ளி வேலை என்று மாதம் இரண்டு முறையாவது காகிதம் வெட்டுகிற வீட்டுக்கு இது நிச்சயம் பயன்படும். ஆண்டுக்கு ஒரு தோரணத்துக்காக வாங்க வேண்டாம். வாங்குவதானால் அதோடு சேர்த்தே இன்னொரு மேட்டும் ஒரு பிளேடும் வாங்கிவிடுங்கள். முதலில் தேய்வது அவைதான்.