கறுப்புக்கு எத்தனை மை வேண்டும்?

கறுப்பு வெள்ளைப் படத்தை அச்சிட ஒரு கறுப்பு மை போதாதா? போதாது. இங்க்ஜெட் பிரிண்டருக்குச் சாம்பல் என்றால் என்னவென்றே தெரியாது. துளியை வைக்கும், இல்லையென்றால் வைக்காது, அவ்வளவுதான். துளிகளை நெருக்கியும் விலக்கியும் வைத்துத்தான் அது சாம்பலைக் காட்டுகிறது. அடர்ந்த நிழலில் இது நம் கண்ணுக்குப் படாது. ஆனால் வானம், வெளிச்சம் விழுந்த கன்னம், வெள்ளைத் துணி என்று வரும்போது புள்ளி புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

வண்ண மைகளைக் கலந்து சாம்பல் செய்து பார்த்தார்கள். புள்ளி குறைந்தது, வேறு தொல்லை வந்தது. 2000 வாக்கில் வந்த எப்சன் 2000பி இதற்கு நல்ல உதாரணம். மஞ்சள் விளக்கில் ஒழுங்காக இருக்கும் படம், பகல் வெளிச்சத்தில் பச்சை தட்டிவிடும். மெட்டாமெரிசம் என்று இந்தக் குறையைச் சொல்வார்கள். 2005இல் எப்சன் தன் கே3 மைகளில் கறுப்பு, வெளிர் கறுப்பு, மிக வெளிர் கறுப்பு என மூன்றைக் கொடுத்தது. கூடவே டிரைவரில் 'அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்' என்ற முறையும் வந்தது. வண்ண மையை லேசாகத் தொட்டுக்கொண்டு, வேலையின் பெரும்பகுதியைக் கறுப்புகளிடமே விடுகிற முறை.

சரி, அது எப்படி? தனிச் செலவில்லை, கற்றுக்கொள்ளவும் அதிகமில்லை. பலருக்கு இதுவே போதும் என்பேன். ஆனால் இது ஒரு மூடிய பெட்டி. டார்க், டார்க்கர், டார்க்கெஸ்ட் என்று பட்டியல் வைத்திருக்கிறார்கள். எதைவிட டார்க்கர்? பதில் கிடையாது. எந்தச் சாம்பலுக்கு எந்த மை எவ்வளவு இறங்குகிறது என்று நாம் பார்க்கவே முடியாது.

அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுவது ராய் ஹாரிங்டன் எழுதிய குவாட்-டோன்-ரிப். எப்சன் டிரைவரை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு மையும் எங்கே தொடங்கி எவ்வளவு இறங்க வேண்டும் என்று நாமே முடிவு செய்யலாம். வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 21 படிகள் கொண்ட பட்டையை அச்சிட்டு, அளந்து, எண்களைக் கொடுத்தால், படிகளைச் சீராக்கித் தருகிறது. இதன் பலவீனமும் இங்கேதான். அளக்கும் கருவி இல்லாதவர் யாரோ ஒருவர் தன் பிரிண்டருக்கும் தன் காகிதத்துக்கும் செய்த கணக்கைக் கடன் வாங்குகிறார். கடன் கணக்கு நம் காகிதத்துக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

மூன்றாவது வழி, அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இருக்கும் ஜான் கோன் உருவாக்கிய பியசோகிராஃபி. வண்ண மைகளையே எடுத்துவிட்டு, அந்த இடங்களில் வெவ்வேறு சாம்பல்களை நிரப்புவது. கே7 வகையில் ஏழு சாம்பல்கள். வெளிர் பகுதிகளின் வழுவழுப்பில் மற்ற இரண்டும் இதனிடம் நெருங்குவது கடினம். விலை என்ன? அந்த பிரிண்டரில் இனி வண்ணம் வராது. அடிக்கடி அச்சிடாவிட்டால் நிறமி படிந்து முனைகள் அடைத்துக்கொள்ளும். மாதம் ஒரு படம் போடுகிறவருக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

இவ்வளவும் வசதி பற்றிய பேச்சு. மை விற்பவர்கள் பெரிதாகப் பேசாத விஷயம் ஒன்று இருக்கு. வெளிச்சத்தைத் தாங்குவதில் கார்பன் நிறமிக்கு இணையில்லை. ஆனால் அதை நீர்த்துப்போகச் செய்து காகிதத்தில் வைத்தால் பழுப்பு தட்டும். நடுநிலையான சாம்பல் வேண்டும் என்றால் கொஞ்சம் நீல நிறமி சேர்த்தாக வேண்டும். அந்த நிறமிகள் கார்பனுக்கு முன்பே மங்கக்கூடியவை. அதாவது 'நடுநிலை', 'நீடித்து நிற்கும்' என்ற இரண்டு வார்த்தைகளும் ஒரே பெட்டியின் மேல் அச்சாகியிருந்தாலும், உள்ளே ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. பால் ரோர்க் கார்பன் மையை நீர்க்கும் செய்முறைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார். பழுப்பை ஏற்றுக்கொள்ளத் தயாரானவர்களுக்கு அது பெரிய கொடை.

வீட்டில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் என்றிருக்கும் தாத்தாவை அச்சிட்டுப் பேத்திக்குக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குச் சுத்தமான சாம்பலாக இருந்து பிறகு நிறம் மாறுவது நல்லதா, முதல் நாளிலிருந்தே லேசான பழுப்பில் இருந்து அப்படியே நிற்பது நல்லதா? இதை மென்பொருள் முடிவு செய்யாது. கொடுப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். காகிதமும் இதில் கூட்டாளி. பளிச்சென்று வெளுத்திருக்க வெளிர்ப்பான் சேர்த்த காகிதத்தில் அந்த வெண்மை காலப்போக்கில் போய், அடியில் இருக்கும் மஞ்சள் தலைகாட்டும்.

'எங்கள் கறுப்புதான் அதிகக் கறுப்பு' என்ற விளம்பரத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். மேட் காகிதத்தில் கறுப்பின் அடர்த்தி சுமார் 1.6 அல்லது 1.7 வரும், பளபளக்கும் காகிதத்தில் 2.2க்கு மேலும் போகும். காகிதத்தால் வரும் இந்த வித்தியாசத்துக்கு முன்னால், மைக்கும் மைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சிறியதுதான். சட்டத்தில் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டிவிட்டால், கண்ணாடியின் பிரதிபலிப்பு அதையும் விழுங்கிவிடும்.

என் வரிசை இதுதான்: முதலில் பிரிண்டரோடு வந்த முறை. அதில் நிழல்கள் ஒட்டிக்கொண்டால், அதே மைகளோடு குவாட்-டோன்-ரிப். வாரம் தவறாமல் அச்சிடுகிறேன், வண்ணமே வேண்டாம் என்கிறவர் மட்டும் தனி மைகளுக்குப் போகலாம். எதற்கும் முன்னால் அந்த 21 படிப் பட்டையை இப்போது இருக்கிற மையிலேயே அச்சிட்டு, ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். கடைசி மூன்று படிகள் தனித்தனியாகத் தெரிந்தால், புது மை வாங்க அவசரமில்லை.