நரைமுடியும் பிறையும்

பஸராவின் காழி இயாஸ் இப்னு முஆவியா பற்றிப் பிரபலமான செய்தியொன்று உண்டு. ரமழான் பிறை பார்க்கக் கூடியவர்களுள் நூறு வயதை அண்மித்த அனஸ் இப்னு மாலிக் (ரழி) அவர்களும் இருந்தார்கள். "அதோ பிறை" என்று அவர்கள் காட்டிய திசையில் வேறெவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அன்னாரின் புருவத்து நரைமுடியொன்று வளைந்து கண்முன் தொங்குவதை இயாஸ் கவனித்தார். அதை ஒதுக்கிவிட்டு மறுபடி காட்டச் சொன்னார். பிறை தெரியவில்லை.

அனஸ் (ரழி) பொய் சொல்லவில்லை. ஆனால் "கண்டேன்" என்பதிலிருந்து "வானில் பிறை உண்டு" என்ற முடிவுக்குப் போக, அளவையியலார் சொல்வதுபோல இன்னுமொரு எடுகூற்று வேண்டும்: கண்ணுக்கும் வானுக்கும் இடையில் எதுவுமில்லை.

நமது திறனாய்வு இந்த எடுகூற்றைத்தான் விழுங்கிவிடுகிறது. க.நா.சு. தன் இரசனையை நம்பிப் பட்டியல் போட்டார். கைலாசபதி 1980இல் 'திறனாய்வுப் பிரச்சினைகள்' நூலில் அப்போக்கைக் கண்டித்தார். விவாதம் இன்னும் தீரவில்லை.

என் பிழையையே சொல்கிறேன். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம்கள் புத்தளம் வந்து கிடுகுக் கொட்டில்களில் இருந்ததை நேரில் கண்டவன் நான். அதைப் பாடும் கவிதை எதை வாசித்தாலும் கண் கலங்கும். உடனே "தரமான கவிதை" என்று மேடையில் சொல்லிவிடுவேன். ஒரு மாலை, கனமூலையில் அப்படியொன்றை வாசித்தேன். 2000க்குப் பின் பிறந்த மாணவி ஒருத்தி சொன்னாள்: "எனக்கு ஒண்டும் வரல்ல சேர். கண்ணீர், கண்ணீர் எண்டுதான் திரும்பத் திரும்ப வருது."

அவள் பேச்சின் முற்பாதி அவளைப் பற்றியது. அதைக்கொண்டு கவிதை மோசம் என்று முடிவெடுக்கேலாது. கொட்டில்களைக் காணாததும் ஒரு திரைதானே. பிற்பாதி கவிதையைப் பற்றியது, யாரும் சரிபார்க்கலாம். எண்ணிப் பார்த்தேன். பதினெட்டு வரியில் 'கண்ணீர்' ஐந்து தடவை. ஒரு கொட்டில்கூட இல்லை! அவற்றை என் நினைவுதான் கட்டிக்கொண்டிருந்தது.

இரசனை ஆளுக்காள் வேறு என்று வாய்மூடி இருக்கவும் வேண்டியதில்லை. காழி செய்ததைச் செய்தால் போதும்: முடியை ஒதுக்கிவிட்டு மறுபடி பார்ப்பது. பட்ட துயரம் பெரிது என்பதற்காகக் கவிதைக்குச் சலுகை கொடுத்தால், நம்மோடு சேர்ந்து அந்தத் துயரமும் மௌத்தாகிவிடும். அதைக் காணாத பிள்ளைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?